பௌர்ணமி லீவு

புகழேந்தி வாத்தியாருக்கு வாயைத் தாராளமாகக் கொடுத்த ஆண்டவன், கூச்சத்தைக் கொஞ்சம் கம்மியாகத்தான் கொடுத்திருந்தான். போன வாரம்தான் வேங்கிக்கால் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, ‘கல்வி ஒவ்வொரு குழந்தையின் உரிமை’ என்று முழங்கிவிட்டு வந்தார். விழுந்த கைதட்டலில் அவருக்கே தன்மேல் மரியாதை கூடிவிட்டது.

அப்படிப்பட்டவர் பௌர்ணமி தவறாமல் லீவு போட்டுக் கிரிவலம் போனார். அடி அண்ணாமலைப் பக்கத்து ஈராசிரியர் பள்ளியிலிருந்து டவுனுக்கு மாற்றல் கிடைக்க வேண்டும் என்பதுதான் வேண்டுதல். மாலைக் கூட்டத்துக்குப் பயந்து காலையிலேயே நடந்துவிடுவார். பக்தியிலும் சௌகரியம் பார்க்கிற ஆள் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார்.

அன்றைக்குப் பாதையோரத்தில் மோர் விற்றுக்கொண்டிருந்தவள் கவிநிலா. அவருடைய ஐந்தாம் வகுப்பு மாணவி. வாத்தியாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபத்துக்கு மட்டும் அவர் லீவு போடுவதில்லை.

“ஸ்கூலுக்குப் போகாம இங்க என்ன பண்ற?”

“நீங்க வர மாட்டீங்கன்னு தெரியும் சார். பௌர்ணமின்னா நீங்க லீவுதானே. ராஜம்மா டீச்சர் எல்லா கிளாசையும் ஒரே ரூம்ல உக்கார வெச்சிடுவாங்க.”

அவள் அம்மா ஜோதியம்மாள் டம்ளரைக் கழுவியபடியே சொன்னாள்: “இனிமே அனுப்பறதா இல்லீங்க சார். நீங்களும் மாத்தல் வாங்கிக்கினு போகப் போறீங்களாம், ஊரே பேசுது. வாத்தியார் இல்லாத ஸ்கூல்ல குந்தியிருக்கறதுக்கு, இங்க ஒத்தாசையா இருக்கட்டும்.”

“படிப்பு அவ உரிமைம்மா” என்றார். மைக் இல்லாததால் எடுபடவில்லை.

“அந்த உரிமை பௌர்ணமிக்குச் செல்லாதா சார்?”

ஊருக்குத்தான் உபதேசம் என்பதை மோர்க்கடை முன்னால் வெறுங்காலோடு நின்று கேட்க வேண்டியிருந்தது. பெரிய பேச்சாளராம், என்று தன்னையே திட்டிக்கொண்டார். வெட்கமாக இருந்தது. இந்தப் பெண்ணின் படிப்பு நின்றால் பழி தன்மேல்தான் என்று தெரிந்தது.

“இப்பவே கூட்டிட்டுப் போறேன். இனிமே பௌர்ணமிக்கு லீவு போட மாட்டேன். போட்டா, நீங்க நிறுத்திக்குங்க.”

ஜோதியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “மூஞ்ச கழுவிக்கினு கெளம்புடி” என்றாள் மகளிடம்.

பள்ளி, வந்த வழியில் பின்னால் இருந்தது. கிரிவலத்தில் யாரும் திரும்பி நடப்பதில்லை. வாத்தியாரும் மாணவியும் நடந்தார்கள். எதிரே வந்த பெரியவர் ஒருவர் மறித்தார். “பாதியில திரும்பினா வேண்டுதல் பலிக்காதுங்க.”

கவிநிலா நடப்பதை நிறுத்திவிட்டாள். “அப்ப உங்க வேண்டுதல் சார்?”

“அது பலிச்சா உனக்கு வாத்தியார் இல்ல. நட.”