வியாழக்கிழமைப் புருஷன்

ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளன்று கேக்கை வெட்டும்போது வீட்டின் கடைக்குட்டி மேசைக்கடியில் போய் உட்கார வேண்டும். மேலே ஒருவர் துண்டைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்பார். குழந்தை கீழிருந்தே பெயர் சொல்லும். உள்ளே ஒளித்த பீங்கான் பொம்மை யார் துண்டில் வருகிறதோ அவருக்குக் காகிதக் கிரீடம். கள்ளத்தனம் நடக்கக் கூடாதென்று பெரியவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு. அறுபத்து நாலாம் வருடம் ஒதெத் வீட்டில் கள்ளத்தனம் வெளியே வந்ததே அதனால்தான்.

மேசையில் ஒதெத், அவள் கணவன் ரெமோன், அவனுடைய அம்மா தெனீஸ். கீழே ஆறு வயது மகள் பாஸ்கால். கேக்கில் ஐந்து துண்டு. ஒன்று எப்போதும் போல, வாசலுக்கு வரும் ஏழைக்கு.

"இது யாருக்கு?"

"பாட்டிக்கு."

"இது?"

"சோலாஞ்சுக்கு."

ஒதெத் சிரித்தாள். "யாருடி அது, உன் கிளாஸ் பொண்ணா?"

"இல்லம்மா. வியாழக்கிழமை நானும் அப்பாவும் போவோமே, அந்த வீட்டு சோலாஞ்ச். அவங்ககிட்ட மஞ்சக் குருவி இருக்கு. அப்பாவும் அவங்களும் தூங்கப் போனா நான் குருவிய பாத்துக்கணும்."

தெனீஸ் நிமிரவே இல்லை. "கேக் ஆறிடப் போகுது, சாப்பிடுங்க" என்றாள். மாமியாருக்கும் தெரிந்திருக்கிறது. ஒதெத்துக்கு அதுதான் முதலில் சுட்டது.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. காலுறை மில்லில் ரெமோனுக்கு அன்று காலை ஷிப்ட். மதியம் மகளைக் கூட்டிக்கொண்டு கால்வாய்க்கரைக்கு வாத்து பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவான். இந்தத் தெருவில் எந்த ஆண் தன் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறான் என்று ஒதெத் வாய் வலிக்கப் பெருமையடித்திருக்கிறாள். சாயங்காலம் அவன் சீட்டியடித்துக்கொண்டே வருவான். பாத்திரம் துலக்குவான், ரேடியோவைத் திருகிவிட்டு அவளை இழுத்து அடுப்படியிலேயே ஆடுவான். வாரம் முழுக்க அவள் அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் இருந்தாள்.

மாமியார் கிளம்பிப் போனதும் அடுப்படியில் கேட்டாள். "நிஜமா?"

"நிஜம்தான். உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

இரண்டு வருடமாக வாத்துக் கதை சொன்னவன் அதைக் கூசாமல் சொன்னான்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம். இந்த ரெண்டு வருஷத்துல உனக்கு ஏதாவது குறை வச்சேனா, சொல்லு. வியாழக்கிழமை உன்கூட நான் எப்படி இருக்கேன்? கல்யாணமான புதுசுலகூட நாம இப்படி இல்லன்னு நீதானே சொன்ன."

சொல்லியிருந்தாள். திருடியவள் மேல் கோபப்படலாம், ஆனால் தன் கையில் இருந்த நல்லதெல்லாம் அந்தத் திருட்டிலிருந்தே வந்தது என்றால் யாரைக் கோபிப்பது?

"அவளை விட்டுடு."

"சரி, விட்டுடறேன்" என்றான். ஒரு சண்டைகூடப் போடவில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தான், பாவி. வியாழக்கிழமை மதியங்களில் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். சிடுசிடுப்பு இல்லை, குறை சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வான், வைத்ததைத் தின்பான், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பான். ரேடியோ மேல் தூசி படிந்தது. "அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம்மா?" என்று பாஸ்கால் கேட்டாள். தன்னோடு மட்டும் இருக்கும் ரெமோன் இவ்வளவுதான் என்பது ஒதெத்துக்கு மூன்று மாதத்தில் தெரிந்துபோயிற்று. அதைத் தெரிந்துகொண்டதற்கு, அவன் ஓடிப்போயிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஏப்ரலில் ஒரு வியாழன், மதியச் சாப்பாடு முடிந்ததும் மகளுக்குக் கோட்டை மாட்டி, பொத்தானைக் கழுத்துவரை போட்டுவிட்டாள்.

"வெயில் நல்லா இருக்கு. இவளைக் கூட்டிட்டு வெளிய போயிட்டு வாயேன்."

ரெமோன் அவளையே பார்த்தான். "நிஜமாத்தான் சொல்றியா?"

"ஏழு மணிக்குள்ள வந்துடு."

ஆறே முக்காலுக்கு மாடிப்படியில் சீட்டிச் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவன் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்து, கழுத்தில் முகத்தை வைத்து, "உன்ன மாதிரி பொண்டாட்டி எவனுக்குக் கிடைப்பா" என்றான். அவன் அதை மனதாரச் சொன்னான். அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த வியாழனும் மகளுக்குக் கோட்டை மாட்டிவிடத்தான் போகிறோம் என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது.