இருபத்திரண்டு நிமிடம்

காலர் ஓரத்தில் இருந்த ஒரு சுருக்கம் போகவே மாட்டேன் என்றது. அவன் தண்ணீரைத் தெளித்துவிட்டு மறுபடியும் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினான். வெளிர் நீல உடை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அதிகம் போட்டது இதைத்தான்.

“அத்தான், கருகிடப் போகுது. குடுங்க, நான் தேய்க்கிறேன்.”

மனைவியின் தங்கை பையோடு வந்து நின்றாள். உடையை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டும். அங்கிருந்து மனைவியின் உடல் நேராக சபைக்கு வந்துவிடும். பதினொரு மணிக்கு ஆராதனை, பிறகு அடக்கம்.

“முடிஞ்சிருச்சு.”

“அரை மணி நேரமா இதையேதான் சொல்றீங்க.”

அவன் பிளக்கைப் பிடுங்கினான். அவள் உடையை மடித்துப் பைக்குள் வைத்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. ஆனாலும் மடிப்பு நேராக வரவில்லை என்று பிரித்து இன்னொரு முறை மடித்தாள். அக்காவும் அப்படித்தான். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

ஹாலில் மாமியார் சோபாவில் இருந்தார். வருகிறவர்கள் கையைப் பிடித்துக்கொள்ள, அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஜெபத்துல உட்கார்ந்திருந்தாளாம். ஆமென்னு சொன்னாளாம். அப்படியே மேசையில சாஞ்சுட்டாளாம். மாப்பிள்ளைதான் பக்கத்துல இருந்திருக்கார்.”

முதல் நாள் அது ‘ஆமென்’ மட்டும். நேற்று ‘சத்தமாக ஆமென்’ ஆயிற்று. இன்று காலையிலிருந்து அவள் முகம் சிரித்தபடியே இருந்ததாம். யாரும் பொய் சொல்லவில்லை. அவன் போட்ட ஒரு விதை, ஆளுக்கொரு கை தண்ணீர் ஊற்றினார்கள்.

அவள் ஆமென் சொல்லவில்லை.

இது அவனுக்கு மட்டுமே தெரியும்.

அவளுக்கு வயது இருபத்தேழு. கண்ணாடிக் கடைக்குப் பின்னால் உள்ள பட்டறையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. ஃபிரேமுக்கு ஏற்றபடி ஓரத்தை அறுத்து, பவரைச் சரிபார்த்து, பொருத்திக் கொடுக்க வேண்டும். பெரிய பக்திசாலி என்று அவளைப் பார்த்து யாரும் சொல்ல மாட்டார்கள். கைப்பேசி என்றால் உயிர். கேக் அலங்கரிக்கும் வீடியோவை எடுத்தால் வைக்க மாட்டாள். இத்தனைக்கும் அவளுக்கு ஒரு முட்டையைக்கூட ஒழுங்காக உடைக்கத் தெரியாது.

“எனக்கு என் கையைப் பத்தித் தெரியும்,” என்பாள். “காலையில ஃபோனைத் தொட்டேன்னா அன்னைக்கு ஆண்டவர் கியூவுல நிக்க வேண்டியதுதான்.”

அதனால் இரவே இரண்டு கைப்பேசிகளையும் செருப்பு அலமாரியில், தன் ரப்பர் பூட்ஸுக்குள் போட்டுவிடுவாள். ஒன்றில் அவளுடையது, மற்றதில் அவனுடையது. காலையில் எழுந்ததும் சமையலறை மேசையில் உட்காருவார்கள். சின்னதாக ஒரு வாசிப்பு. பிறகு மௌனமாக ஜெபம். அவள் கைகளைக் கோத்து மேசைமேல் வைத்து, நெற்றியை அதன்மேல் சாய்த்துக்கொள்வாள். முடிந்ததும் ஆமென் என்பாள். அதற்குப் பிறகுதான் கெட்டிலே சூடாகும்.

“வேலைக்குப் போயிட்டு வந்து பண்ணலாமே. மிச்ச நேரம் நிறைய இருக்கே,” என்று கல்யாணமான புதிதில் அவன் கேட்டான்.

“மிச்சம்னு ஒண்ணு இருக்கவே இருக்காது. அதான் முதல்லயே எடுத்து வெச்சிடணும்.”

அவன் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவான். அவ்வளவுதான். கட்டட வரைபடம் போடுகிறவன். மூடிய கண்ணுக்குள் அன்றைக்குப் போட வேண்டிய படிக்கட்டு ஓடும். ஒரு நாள் தேநீர் ஊற்றிக்கொண்டே அவள் கேட்டாள்: “இன்னைக்கு எத்தனை படி ஏறின?”

அவனுக்குக் காது சூடாகிவிட்டது. மறுநாளும் அவனுக்காக நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவளும் சில நாள் தூங்கிவிடுவாள். அவன் மேசைக்கடியில் காலால் தட்டுவான். நிமிர்ந்து, கன்னத்தில் விரல் பதிந்த தடத்தோடு, “ஆண்டவரே, தூங்கிட்டேன். எங்க விட்டேன்னு தெரியலை. முதல்ல இருந்து வர்றேன்,” என்பாள். அவனுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு வராது. நிஜமாகவே முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

இந்த வாரம் திங்கட்கிழமை அவன் சொன்னான்: “சீக்கிரம் ஆமென் சொல்லு. பஸ் போயிடும்.”

அவள் நிமிர்ந்தாள். கோபம் இல்லை. களைத்த முகம்.

“ஒரு நாளாவது என்னை விரட்டாம உட்காரேன். ஒரே ஒரு நாள்.”

புதன்கிழமை அவன் அந்த ஒரு நாளை அவளுக்குக் கொடுத்தான்.

ஆறு பத்துக்கு அவள் நெற்றியைச் சாய்த்தாள். ஆறு இருபது ஆயிற்று. அவன் காலை ஆட்டவில்லை, கனைக்கவில்லை. ஆறு இருபத்தைந்து. பஸ் போனால் போகட்டும் என்று இருந்தான். தலைவலி என்று முந்தின இரவு சொன்னாளே, தூங்குகிறாளோ என்று ஒரு கணம் தோன்றியது. தூங்கினால் தூங்கட்டும். ஆறு முப்பத்திரண்டுக்குத்தான் கால் விரலால் மெல்லத் தொட்டான். அவள் கால் அசையவில்லை. செருப்பு மட்டும் கழன்று விழுந்தது.

பூட்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கைப்பேசியை எடுத்தான்.

“எப்ப மயங்கினாங்க?” என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

“இப்பதான். ஆமென் சொன்னா. சொன்ன உடனே.”

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. ஸ்கேனைப் பார்த்துவிட்டு, உடனே கொண்டு வந்திருந்தாலும் கஷ்டம்தான் என்றார். கஷ்டம் என்றார். முடியாது என்று சொல்லவில்லை.

மச்சினி பையோடு கிளம்பிப் போனதும் போதகர் வந்தார். கையில் மூன்று தாள்கள். அவனை அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

“தம்பி, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க. கடைசி வார்த்தை ஆமென்தானே?”

அவன் அந்தத் தாள்களைப் பார்த்தான்.

“அதை வெச்சுத்தான் இன்னைக்குப் பேசப் போறேன். வாலிபப் பிள்ளைங்க நிறைய வர்றாங்க. ஆயிரம் பிரசங்கம் பண்ணாலும் ஏறாது தம்பி. இது ஏறும்.”

அவன் தலையசைத்தான். மறுபடியும் அதே பொய். இதற்கு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை.

ஹாலுக்குத் திரும்பியபோது பட்டறை மேஸ்திரி வந்திருந்தார். கனத்த மனிதர், இடம் கொள்ளாமல் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்குகளில் லென்ஸ் தூள் வெள்ளையாகப் படிந்திருந்தது. கழுவித்தான் வந்திருப்பார்; அது போகாது. அவள் விரல்களிலும் இருந்தது.

“நாங்க பிஷப்புன்னுதான் கூப்பிடுவோம்மா,” என்று மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “என்ன பிஷப், மேலேர்ந்து இன்னைக்கு என்ன சேதின்னு கேப்பேன். நீங்க போட்ட பவர் தப்புன்னு சேதி வந்திருக்கு அண்ணேம்பா. போய்ப் பாத்தா தப்பாத்தான் இருக்கும்.”

மாமியார் மூன்று நாளில் முதல்முறையாகச் சிரித்தார். சிரித்த வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமை வேலைக்கு மட்டும் வர மாட்டா. முதலாளி எவ்வளவோ சொல்லிப் பாத்தாரு. சனிக்கிழமை எவ்வளவு நேரம் வேணாலும் நிக்கறேன் சார், ஞாயிறு என் நாள் இல்லைன்னுட்டா. நின்னா. நாங்க கிண்டல் பண்ணுவோம். வயசுப் பொண்ணு, ஒரு நாள் விட்டா சொர்க்கத்துல பேரை அடிச்சிடுவாங்களான்னு. சிரிப்பா. வர மாட்டா.”

“சின்னதுலயே அப்படித்தான்.”

“ஒண்ணு சொல்லணும்மா உங்ககிட்ட.” மேஸ்திரி நாற்காலியை முன்னால் இழுத்தார். “ஆறு மாசத்துக்கு முன்னாடி. ஒருத்தருக்கு இடது லென்ஸை வலதுல, வலதை இடதுல போட்டுட்டா. கால் பவர்தான் வித்தியாசம். அவரும் வாங்கிட்டுப் போயிட்டாரு. ஒரு குறையும் சொல்லலை. இவளே சாயங்காலம் சீட்டைப் பாத்துட்டு, ஐயோ அண்ணே மாத்திட்டேங்கறா. விடு தாயி, அந்த ஆளுக்கு நல்லாத்தானே தெரியுதுன்னேன். கேக்கலையே. போன் போட்டு வரவெச்சு, என் தப்பு சார்னு சொல்லி மாத்திக் குடுத்தா. அந்த ஆளு கத்து கத்துனு கத்துனாரு. நல்ல பேர் போச்சே, எதுக்கும்மா இதுன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

“அவருக்குத் தெரியாது அண்ணே, எனக்குத் தெரியுமேன்னா.”

அவன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். நின்றபடியே மணி பார்த்தான். ஒன்பது ஐம்பது.

மேஸ்திரி எழுந்து போனதும் அவர் விட்டுப் போன நாற்காலியில் உட்கார்ந்தான். ஹாலில் அந்த நிமிடம் வேறு யாரும் இல்லை. வாசலில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

“அத்தை.”

“சொல்லுங்க தம்பி. ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“அவ ஆமென் சொல்லலை.”

மாமியார் அவனைப் பார்த்தார்.

“ஆறு பத்துக்கு உட்கார்ந்தோம். தலையைச் சாய்ச்சா. ஜெபம் பண்றான்னு நெனச்சு சும்மா இருந்துட்டேன். ஆறு முப்பத்திரண்டு வரைக்கும். எப்ப போச்சுன்னு எனக்குத் தெரியாது. டாக்டர்கிட்ட இப்பதான்னு சொல்லிட்டேன். எல்லார்கிட்டயும் அதையே சொல்லிட்டேன்.”

“பக்கத்துலதானே இருந்தீங்க?”

“கை எட்டுற தூரம்.”

“ஒரு தடவைகூடக் கூப்பிடலையா?”

“இல்லை.”

மாமியார் தன் கைகளை மடியில் வைத்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினார், பிரித்தார்.

“நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

“ஜெபம்.”

“அவ சொல்லியிருக்கா. நீங்க கண்ணை மூடிட்டுப் படிக்கட்டு போடுவீங்கன்னு.”

“அன்னைக்கும் போட்டேன் அத்தை. பத்து நிமிஷத்துல தீர்ந்துபோச்சு. அதுக்கு மேல போட ஒண்ணும் இல்லை. அவ எழுந்திரிக்கலை. அப்புறம்தான்…”

அவனால் முடிக்க முடியவில்லை. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் அவன் முதன்முதலாக நிஜமாகப் பேசினான் கடவுளிடம். அழகாக ஒன்றும் வரவில்லை. இவளைக் கொடுத்ததற்கு நன்றி என்றான். அதையே நாலைந்து தடவை சொன்னான். அவள் அப்போது இருந்தாளா, போயிருந்தாளா.

மாமியார் எழுந்து சமையலறைக்குப் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கழுவி வைத்திருந்த கோப்பைகளை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார். அவன் காத்திருந்தான். அவர் திரும்பி வரவில்லை.

போதகர் மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து தாளில் ஏதோ திருத்திக்கொண்டிருந்தார். அவன் நின்றபடியே சொன்னான். இந்த முறை குறைந்த வார்த்தைகளே தேவைப்பட்டன. அவர் பேனாவை மூடினார்.

“ஜெபத்துல இருந்தாங்கன்னாவது சொல்லலாம் இல்லையா தம்பி?”

“தெரியாது ஐயா. தூங்கியிருக்கலாம். தூங்கினா தூங்கினேன்னு சொல்றவ. நாம ஏத்திச் சொன்னா அவளுக்குப் பிடிக்காது.”

“உங்களை நாலு பேர் நாலு விதமா பேசுவாங்களே. இருபத்திரண்டு நிமிஷம்னா…”

“பேசட்டும்.”

போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது அந்தப் பொண்ணு போட்டுக் குடுத்தது,” என்றார். துடைக்காமலே மறுபடி போட்டுக்கொண்டார். மூன்று தாள்களில் இரண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

ஆராதனையில் அவர் ஏழு நிமிடம் பேசினார். பூட்ஸ் விஷயத்தைச் சொன்னபோது பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சிரித்துவிட்டுப் பயந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டார்கள். போதகர் தடுக்கவில்லை. “பிறந்ததுலேர்ந்து பரிசுத்தவாட்டி இல்லை அவங்க,” என்றார். “ஃபோன் பைத்தியம். தூங்குமூஞ்சி. அவங்களே சொல்லியிருக்காங்க. ஆனா தினமும் முதல் வேலையா வந்து உட்கார்ந்தாங்க. புதன்கிழமையும் உட்கார்ந்தாங்க. பக்கத்துல அவங்க கணவர் இருந்தார். கடைசி நிமிஷத்துல என்ன நடந்ததுன்னு அவருக்குத் தெரியாதாம். எனக்கும் தெரியாது. தெரிஞ்ச வரைக்கும் சொல்லிட்டேன்.”

மாமியார் முன்வரிசையில் மச்சினியின் தோளில் சாய்ந்திருந்தார். அவன் அதே வரிசையின் மறுமுனையில் இருந்தான். நடுவில் மூன்று இடம் காலியாக இருந்தது. ஆராதனை முடியும்வரை அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கல்லறையிலும் திரும்பவில்லை. எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அவன் போட்டபோது பாதி தன் ஷூவிலேயே விழுந்தது.

மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றார். பிறகு அவன் முதுகில் ஒரு முறை தட்டிவிட்டு நடந்தார்.

திரும்பிப் போக வேன் நின்றிருந்தது. வெயில் ஏறியிருந்தது, இருக்கைகள் சுட்டன. சொந்தக்காரர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள். மச்சினி டிரைவர் பக்கத்தில் ஏறியிருந்தாள். மாமியார் இரண்டாவது வரிசையில் ஜன்னலோரம். பக்கத்து இருக்கையில் அவருடைய பெரிய தோல்பை.

அவன் அந்த வரிசையைத் தாண்டிப் பின்னால் போகக் காலெடுத்து வைத்தான்.

மாமியார் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையைத் திருப்பாமலே தோல்பையைத் தூக்கித் தன் மடிமேல் வைத்துக்கொண்டார்.