லாப்போவுக்கான இரங்கலுரை

"அந்த இடத்துல மூச்சு விடாதே. வாக்கியம் இன்னும் முடியல."

"முடியலையா? ஏழு வரி ஆச்சே அக்கா. மீன்கூட இவ்வளவு நேரம் தாங்காது."

"கடைசி வார்த்தையிலதான் பொருளே இருக்கு. அதுவரைக்கும் குரலை இறக்காதே."

பால்தோ தாள்களை மடிமீது கவிழ்த்தான். பக்கத்து அறைக் கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அவரு இன்னும் உயிரோட இருக்காரு. நாம இங்க உக்காந்து அடக்கத்துக்கு ஒத்திகை பாக்குறோம்."

தியனோரா தம்பி மடியிலிருந்த தாள்களை மறுபடி நிமிர்த்தி வைத்தாள். மருத்துவர் காலையில் வந்து, அப்பாவின் சிறுநீர்க் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கீழே வைத்து, பாதிரியாரைக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஃப்ளோரன்சின் ஆகஸ்டு வெயிலில் இறந்தவர் யாரையும் ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. இன்று உயிர் போனால் நாளைக்கே தேவாலயத்தில் உரை நிகழ்த்த வேண்டும். நகரத்தில் படித்தவர்கள் எல்லோரும் வருவார்கள். லத்தீனில் பேச வேண்டும், மகன் பேச வேண்டும். மகனோ பிரம்படிக்குப் பயந்து பாதியில் பள்ளியை விட்டு ஓடி, பட்டுக்கடையில் துணி அளப்பவன். அதனால் மூன்று நாளாக, சமையலறை மேசையில், தியனோராதான் எழுதினாள்.

கதவைத் திறந்துகொண்டு அம்மா எட்டிப் பார்த்தாள். "லத்தீன் போதும். யாராவது வந்து இந்தக் கிண்ணத்தைப் பிடிங்க. மனுஷன் ஒரு வாய் சூப்புக்கு ஆளில்லாமக் கிடக்காரு."

தியனோராவுக்கு ஆறு வயதானபோது அப்பா அவளை நாற்காலிமேல் ஏற்றி நிறுத்தி, விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் பழங்காலத்துச் செய்யுள்களை ஒப்பிக்க வைத்தார். மனிதன் புழு, மண், பாவம் என்று பாதிரிமார்கள் முன்னூறு வருஷமாகச் சொல்லிக்கொடுத்தது போதும் என்பார் அவர். பத்திரம் எழுதும் நோட்டரி வேலை முடிந்து வந்ததும் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் புத்தகத்தைப் பிரிப்பார். "மனுஷன் புழு இல்லம்மா. படிச்சா எதுவா வேணும்னாலும் ஆகலாம்." அவள் அதை நம்பினாள். பன்னிரண்டு வயதில் கிரேக்கம் படித்தாள். பதினைந்தில், நண்பர்களில் ஒருவர் அப்பாவின் காதில் ஏதோ சொன்னார். மறுநாள் அப்பா அவள் தலையைத் தடவி, "இனி போதும்மா, பெரிய பொண்ணாயிட்டே" என்றார். புத்தக அலமாரிக்குப் பூட்டு வந்தது. பிறகு கல்யாணம் ஆனது. கொள்ளைநோயில் கணவன் போய், அவள் இதே வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வந்த நாளிலிருந்து அவள் கையில் துணியையும் கிண்ணத்தையும் தவிர வேறெதையும் அப்பா பார்த்ததில்லை. சாவி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

"யாரு வாசிக்கிறது?"

உள்ளேயிருந்து வந்த குரல் நூலைப்போல மெலிந்திருந்தது. பால்தோ எழுந்து போனான். பின்னாலேயே அவளும் ஈரத்துணியோடு போனாள்.

அப்பாவின் கண்கள் மகன் கையிலிருந்த தாள்கள்மேல் நின்றன. "இன்னொரு தடவை வாசி. நண்பர்களைப் பத்தி வருதே, அந்த இடம்."

பால்தோ வாசித்தான். ஆச்சரியமாக, இந்த முறை மூச்சுத் திணறவில்லை. அப்பாவின் உதடுகளும் கூடவே அசைந்தன.

"என் இரங்கலுரையா? சாகறதுக்கு முன்னாடியே கேக்கறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்." சிரிக்கப் பார்த்து இருமினார். "நீயா எழுதினே?"

"அது வந்துப்பா…"

"உனக்குப் படிப்பு ஏறாதுன்னு நெனச்சேன். மன்னிச்சுக்கோ." கை மேலே எழுந்து மகனின் தலையைத் தேடியது. பால்தோ குனிந்து கொடுத்தான். அவர் கண்ணோரத்தில் வழிந்தது காதுக்குள் இறங்கியது. "கேட்டியா தியனோரா? உன் தம்பி எழுதினதைக் கேட்டியா?"

அவள் துணியைக் கிண்ணத்தில் நனைத்து, பிழிந்து, மறுபடியும் நனைத்தாள்.

"கேட்டேம்பா. நல்லா இருக்கு."

வெளியே வந்ததும் பால்தோ அவள் முழங்கையைப் பிடித்தான். "சொல்லியிருப்பேன் அக்கா. அவர் மூஞ்சியைப் பாத்தியா?"

"பாத்தேன். முதல் பக்கத்துல இருந்து ஆரம்பி."

மதியம் தாண்டியதும் பாதிரியார் வந்து சாகும் நேரத்துக்கான எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். கற்றவன் மரணத்தை விருந்தாளியைப்போல எழுந்து நின்று வரவேற்பான் என்று தன் புத்தகங்களின் ஓரத்தில் அப்பா சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார். கடைசி ஒரு மணி நேரத்தில் அவர் வாயில் எந்த மொழியும் வரவில்லை. போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தார். உயிர் போனபிறகு அம்மாதான் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

மறுநாள் நண்பர்கள் வந்தார்கள். அம்மா வைத்திருந்த மரச்சிலுவையைத் தள்ளி வைத்து, மார்பின்மேல் ஒரு புத்தகத்தை வைத்து, அதன்மேல் கைகளை மடக்கினார்கள். "லாப்போ பாக்கியசாலிய்யா, பையனே பேசப் போறானாமே" என்று ஒருவர் சொன்னது மாடிப்படி வரை கேட்டது. கறுப்பு அங்கிகள் வரிசையாக இறங்கின. பெண்கள் அடக்கத்துக்குப் போகிற வழக்கம் இல்லை. அழவந்த உறவுக்காரப் பெண்களும், பாடை தெருமுனை திரும்பியதும், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

உடலைக் கிடத்தத் தரையில் விரித்திருந்த வைக்கோலை தியனோரா கூட்ட ஆரம்பித்தாள். அம்மா ஜன்னலருகே உட்கார்ந்திருந்தாள். தேவாலயம் இரண்டு தெரு தள்ளி. மணி அடித்துக்கொண்டே இருந்து, நின்றது.

"ஆரம்பிச்சுட்டானா?"

"ஆமாம்மா."

"இப்போ என்ன சொல்லிட்டிருப்பான்?"

துடைப்பம் நின்றது. முதல் பக்கம் அவள் உதட்டில் தானாக ஓடியது. "தாத்தாவைப் பத்தி. அவரோட நேர்மை, ஒழுக்கம்."

"அந்தக் கிழவன் குடிச்சே செத்தான். அதைச் சொல்லுவானா?"

"சொல்ல மாட்டான்."

அம்மா மூக்கால் சிரித்தாள். தெருவில் நனைந்த கம்பளி மூட்டைகளோடு ஒரு வண்டி கடகடவென்று போனது. அதன் சத்தம் அடங்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"இப்போ?"

"அப்பாவோட படிப்பு. ஒரு குளிர்காலம் முழுக்கக் கண்விழிச்சு, தானாவே கிரேக்கம் கத்துக்கிட்டது."

"ஞாபகம் இருக்கு. அந்தக் குளிர்லதான் நம்ம மூத்தவன் போனான். உனக்கு முன்னாடி பொறந்தவன். நான் கீழே அவனை மடியில வச்சிருந்தேன். மேலேருந்து படிக்கிற சத்தம் விடாம வந்துக்கிட்டே இருந்துச்சு."

தியனோரா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். இந்த அண்ணனைப் பற்றி அவள் கேள்விப்பட்டதே இல்லை. யாரும் சொன்னதில்லை.

"இப்போ?"

"நண்பர்கள். ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லி."

"சொல்லட்டும். வந்து சாப்பிட்டவங்கதானே."

எட்டுப் பெயர்கள். பெயருக்கு இரண்டு வரி. அதன்பின் நகரத்துக்குச் செய்த சேவை, அறிவுள்ள மகன், மனிதனின் மாண்பு, பிறகு விடைபெறல். அவ்வளவுதான் மீதி. மூன்று நாள் அடித்து அடித்து எழுதியதில் எல்லாமே அவளுக்கு மனப்பாடம்.

அம்மா முகத்திரையைப் பின்னால் தள்ளிவிட்டு, காதை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள். மடியில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள்.

"எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. நான் வர்ற இடம் வந்தா மட்டும் சொல்லு. எழுந்து நின்னுக்கறேன்."