சூடான பின் ஒருமுறை

கைலாசத்துக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்பது தென்காசியில் ஒருத்திக்கு மட்டுமே தெரியும். அவள் அவன் மனைவி இராமலட்சுமி. வாடகைக்கு ஓடும் அவனுடைய சீமைக் காரோடு வந்த புத்தகத்தை அவள்தான் வாசித்துத் தமிழில் சொல்லுவாள். மறுநாள் அவன் அதை டாக்சி ஸ்டாண்டில் தன் சொந்த அறிவாக எடுத்து விடுவான்.

ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் தொடங்கிய வாரம், இழுவை குறைந்து கார் திணறியது. வால்வு கருகியிருக்கும் என்று சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற உட்கார்ந்தான். ஷெட்டில் அவன், படியில் புத்தகத்தோடு அவள். துரு வாடை அடித்த ரேடியேட்டர் தண்ணீரை வடித்தான். நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி ஹெட்டைத் தூக்கியதும் நான்கு கருத்த குழிகள் தெரிந்தன. பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டது போல அவளுக்கு இருந்தது. எட்டு வால்வுகளும் இடம் மாறிவிடாமல், அட்டையில் துளையிட்டு எண் எழுதி வரிசையாகச் செருகினாள். அவன் கரியைச் சுரண்டி, தேய்க்கும் பசை தடவி, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் தேய்த்து உட்கார வைத்தான்.

மூன்றாம் நாள் அடியில் புதுக் கேஸ்கட் தகடு வைத்து ஹெட்டை ஏற்றினான்.

"நடுவுல இருந்து ஓரத்துக்கு இறுக்கணுமாம். ஒரே மூச்சுல இறுக்கக் கூடாதாம்."

"ஒனக்கு வாசிக்கத்தாம்ட்டி தெரியும். ஸ்பானரப் பிடிச்சா கை வெத்தல மாதிரி வதங்கிரும்," என்று சிரித்தான். "அவ்வளவுதான?"

பக்கத்தின் அடியில் இன்னும் ஒரு வரி இருந்தது. எஞ்சின் ஓடிச் சூடான பின் எல்லா நட்டையும் மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும், கேஸ்கட் அமுங்கியிருக்கும், இறுக்காவிட்டால் தண்ணீர் கசிந்து வண்டி நின்றுபோகும். அவள் அதை வாசித்திருந்தாள்.

"அவ்வளவுதான்," என்று புத்தகத்தை மூடினாள்.

பெரிய கெடுதல் எதையும் அவள் நினைக்கவில்லை. ஒரு நாளாவது அவன் வழியில் நிற்கட்டும், திரும்பி வந்து என்ன விட்டுப்போச்சு என்று தன்னிடம் கேட்கட்டும். அவ்வளவுதான் நினைத்தாள். அப்படித்தான் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அன்று மாலை ஐந்தருவி வரை ஓட்டிவிட்டு வந்து, பூப்போல ஓடுது என்றான்.

மறுநாள் காலை, பக்கத்து வீட்டு நூர்நிஷாவுக்கு நாள் வருமுன்பே வலி கண்டது. புருஷன் கொழும்பில். முதல் பிள்ளையை வயிற்றைக் கிழித்து எடுத்த டாக்டரம்மா திருவனந்தபுரத்தில். ஆரியங்காவு மலையைக் கடந்து போக வேண்டும். சாரல் பிடிக்கும் முன்பே கைலாசம் காரை அவர்கள் வாசலில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டிருந்தான். தாயும் தம்பியும் நூர்நிஷாவைத் தாங்கிக் கொண்டுவந்து ஏற்றினார்கள்.

இராமலட்சுமி காரை நோக்கி ஓடினாள். ஜன்னலருகே போய்க் குனிந்தாள்.

"ஏங்க, ஹெட் நட்ட சூடான பெறவு இன்னொரு தடவ இறுக்கணுமாம். புத்தகத்துல இருக்கு. நாந்தான் சொல்லல."

டாக்சி ஸ்டாண்டில் கூட வண்டி ஓட்டும் குத்தாலிங்கம் அங்கே நின்றிருந்தான். "என்ன அண்ணாச்சி, ஒங்க வீட்டுல மெக்கானிக் மதினிதானா?"

நின்ற நாலு பேரும் சிரித்தார்கள்.

"அதெல்லாம் நேத்தே இறுக்கியாச்சு," என்றான் கைலாசம். "இவ இப்பதான் சொல்ல வருதா."

நேற்று வந்தவன் கால் கழுவிப் படுத்தவன்தான். பானெட்டைத் திறக்கவே இல்லை. இப்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இல்லை, நீங்கள் இறுக்கவில்லை என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. அத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னால் அந்த வீட்டில் பிறகு எப்படி இருப்பது என்று யோசிக்கவே அந்த நொடி சரியாகப் போயிற்று.

"மூத்தவனப் பாத்துக்கங்க அக்கா," என்றாள் நூர்நிஷா, பல்லைக் கடித்துக்கொண்டு.

கார் செங்கோட்டைச் சாலையில் திரும்பி மறைந்தது. அந்தப் பக்கம் மலையே தெரியாமல் மேகம் மூடியிருந்தது.

தெரு நனைந்திருக்க, கார் நின்ற இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. அதன் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரம். குனிந்து தொட்டாள். வெதுவெதுவென்று இருந்தது. விரலில் துரு வாடை.

"என்னத்தம்மா தொட்டுப் பாக்குத?" பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற நூர்நிஷாவின் மாமியார் கேட்டாள்.

இராமலட்சுமி விரலை முந்தானையில் துடைத்தாள்.

"ஒண்ணுமில்ல பெரியம்மா. சாரல் தண்ணி."