மாதிரி வீட்டில் பால் பொங்கியது

வந்திருந்தவர்கள்: குழுத் தலைவர் ராமாமிர்தம். உறுப்பினர் முஹம்மது இஸ்மாயில். உறுப்பினர் சடையப்பன், தலைவருக்கு மருமகன் முறை. ஓவர்சியர் பழனிவேல். குமாஸ்தாவுக்குக் காய்ச்சல் என்பதால் எழுதுவதற்கு நான்.

கொளஞ்சியம்மாளின் பெயரை எழுத வேண்டாம் என்றார் தலைவர். அவள் பால் காய்ச்ச வந்தவளாம்.

அறுபத்து மூன்றாம் வருஷம் சித்திரையில், கடலூரில் கெடிலம் ஆற்றோரமாக இருந்த குடிசைகள் எரிந்து போயின. எரிந்த இடத்துக்கு என்று சர்க்கார் பணம் வந்தது. குடிசைக்காரர்களுக்கு ஓட்டு வீடுகள் கட்டலாம், அல்லது ஊருக்கு ஒரு பூங்கா போடலாம். இரண்டுக்கும் பணம் போதாது. இடமும் போதாது. எது முதலில் என்று முடிவு செய்யத்தான் இந்தக் குழு. வீடு என்றால் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக பழனிவேல் ஒரே ஒரு மாதிரி வீட்டைக் கட்டி முடித்திருந்தார். ஓர் அறை, ஓர் அடுப்படி, நீலம் அடித்த கதவு. ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அதைத் திறந்துவிட்டு, அதற்குள்ளேயே கூட்டம்.

நான் ராத்திரியெல்லாம் முனிசிபாலிட்டி தண்ணீர் பம்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நேராக வந்திருந்தேன். தூங்காத பகலில் மனிதர்கள் பேசுவது குளத்துக்கு அடியிலிருந்து வருவதுபோலக் கேட்கும். சுவரில் ஈரச் சுண்ணாம்பு மினுங்கியது. அதன்மேல் வெயில் மெதுவாக நீந்திக்கொண்டிருந்தது.

தலைவர் நேரம் பார்க்கிறவர். ராகுகாலம் பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும், தீர்மானம் பிறகு இருக்கட்டும் என்று சொன்னது அவர்தான். போட்டோவுக்கு ஒரு குடிசைக்காரி தேவைப்பட்டாள். கொளஞ்சியம்மாளைக் கூப்பிட்டு வந்தார்கள். தீயில் குடிசை போனதிலிருந்து இரண்டு பெண் பிள்ளைகளோடு ரயில்வே கூட்ஸ் ஷெட் தாழ்வாரத்தில் கிடந்தவள். புதுப்பானை, மூன்று செங்கல். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. தலைவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். போட்டோக்காரர் போய்விட்டார். அவள் பானையைக் கழுவக் கொல்லைப்பக்கம் போனாள். நாற்காலிகளை விரித்தோம்.

"சுருக்க முடிச்சிடுவோம் பாய். நீங்க ஜும்மாவுக்குப் போவணும்" என்றார் தலைவர்.

"நா போறது கெடக்கட்டும். வூடுதான் மொதல்ல. மழ வந்தா பார்க்குல எவன் தலையும் நனையாம இருக்குமா?" என்றார் இஸ்மாயில்.

"இருவது குடும்பத்துக்கு வூடு குடுத்தா, இருவத்தோராவது குடும்பம் எங்க வாசல்ல வந்து நிக்கும். பார்க்குன்னா எவனும் வாயத் தொறக்க மாட்டான். எல்லாருக்கும் பொது. செதம்பரத்துல யூனிவர்சிட்டிக்குள்ள போய்ப் பாருங்க, எப்பிடி மரம் வெச்சிருக்கான்னு. நம்மூர்ல ஒரு மனுசன் காத்தாட ஒக்கார எடமிருக்கா?" என்றார் தலைவர்.

"காத்தாடத்தானே கூட்ஸ் ஷெட்டுல படுத்திருக்காங்க!"

சடையப்பன் சிரித்துவிட்டு, தலைவரைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

தலைவர் சொன்னதிலும் பொய் இல்லை. அந்தச் சிதம்பரத்து மரங்கள் எனக்குத் தெரியும். வகுப்புக்குப் போகாமல் அவற்றின் அடியில்தான் தூங்கினேன். ஒருநாள் பதிவேட்டிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். அவர் பேசப் பேச, தூங்காத என் கண்ணுக்கு நாற்காலிக் கால்களுக்கிடையே புல் முளைத்தது. அடுப்படியில் நீரூற்று எழும்பி ஓட்டைத் தொட்டுத் திரும்பியது. தூங்குமூஞ்சி மரம் ஒன்று சுவரைத் தள்ளாமலே உள்ளே வந்து நின்றது. யாரோ குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அதன் நிழலில் நடந்தார்கள், முகம் தெரியவில்லை. நன்றாகத்தான் இருந்தது. அங்கே யாருக்கும் அவசரம் இல்லை.

"சடையப்பா, ஒன் யோசன என்ன?"

"மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இரண்டுக்கு ஒன்று. பூங்கா முதலில், வீடுகள் பிறகு பார்க்கப்படும் என்று எழுதினேன்.

"அப்ப இந்த வூடு, சார்?" என்றார் பழனிவேல்.

"தோட்டக்காரன் மண்வெட்டி, பூவாளி வெச்சிக்கட்டும்."

கொல்லைக் கதவருகில் கொளஞ்சியம்மாள் நின்றிருந்தாள். கழுவிய பானையிலிருந்து தண்ணீர் சொட்டியது. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. எல்லாம் கேட்டிருக்கும்.

"கூட்டம் முடிஞ்சிச்சின்னா சேரெல்லாம் எடுத்துக்குங்க ஐயா. பெருக்கணும்."

"நீ எதுக்கும்மா பெருக்குற?" என்றார் தலைவர்.

"ராத்திரி படுக்கத்தான். பால் காச்சுன வூட்ட அன்னிக்கி ராத்திரி காலியா வுடலாமா? நீங்க வுடுவீங்களா?"

"அது போட்டோவுக்கும்மா."

"போட்டோவுக்கா பொங்கிச்சி? பொங்கறப்ப நீங்களுந்தான் கும்புட்டீங்க."

தலைவர் திரும்பி அடுப்படியில் இருந்த மூன்று செங்கல்லையும் பார்த்தார். தன் வீட்டில் பால் காய்ச்சிய அன்று, திருவந்திபுரத்தில் சொந்த மச்சான் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் புதுத்தரையில் படுத்துக் கிடந்தவர் அவர். பால் பொங்கிய வீடு இருட்டில் கிடந்தால் காய்ச்சியவருக்கும் ஆகாது, காய்ச்சச் சொன்னவருக்கும் ஆகாது. தீர்மானத்தை முதலில் போட்டிருந்தால் பாலே இருந்திருக்காது. ராகுகாலத்துக்குப் பயந்து வரிசையை மாற்றியது அவர்தான்.

"ஒரு ராத்திரிதான மாமா" என்றான் சடையப்பன். யாரும் கேட்காமல் அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

"இன்னிக்கி படுத்தா நாளைக்கி யாரு எழுப்புறது?" இஸ்மாயில் தொப்பியைச் சரிசெய்தபடி சிரித்தார்.

"நாளைக்கிக் காலையில போயிடணும்மா" என்றார் தலைவர்.

"நாளைக்கி சனிக்கெழம. சனிக்கெழமையில குடி எழுப்புவாங்களா ஐயா?"

தலைவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "தீர்மானத்துல ஒண்ணும் மாத்தாத" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். நான் மாற்றவில்லை. மற்றக் குடும்பங்களுக்கு இதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்கள் பால் காய்ச்சவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது. வாசலில் பூங்கா இன்னும் நின்றுகொண்டிருந்தது. புல்வெளி வீட்டைச் சுற்றிக்கொண்டு ஆற்றுவரை போயிற்று. சிமெண்ட் பெஞ்சில் யாரோ புடவை உலர்த்தியிருந்தார்கள்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு போகத்தான் பழனிவேல் பூட்டு கொண்டுவந்திருந்தார். பையைத் துழாவி, அதைச் சாவியோடு அவளிடம் நீட்டினார்.

"உள்தாப்பா இன்னும் மாட்டல. உள்பக்கமா நாதாங்கியில இதப் போட்டுக்க. ஆத்தோரம், பொம்பளப் புள்ளைங்க இருக்குது."

அவள் வாங்கிக்கொண்டாள். கொல்லையில் இருந்த பிள்ளைகளை அதட்டி உள்ளே வரச்சொன்னாள். கடைசி நாற்காலி என் கையில் இருந்தது.

"தம்பி, நீயும் செத்த வெளிய போப்பா."

படியிறங்கினேன். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. நாதாங்கி விழுந்தது. உள்ளே பூட்டு இறுகியது.