திருவிதாங்கூரைத் தோற்கடித்தவர்

பால்வண்ணநாதன் கடைசியாகக் கேட்டது இன்னொரு தம்ளர் சுக்குக் காப்பி. 1935 ஆடி மாதம். குற்றாலத்துச் சாரல் தென்காசி வரை தூறிக்கொண்டிருந்த காலை. அவர் கையில் சிவப்பு அட்டைப் புத்தகம் ஒன்று இருந்தது. சின்ன வயதில் நான்கு வருஷம் அவர் படித்த இங்கிலாந்துப் பள்ளிக்கூடம், தன்னிடம் படித்துப் பேர் வாங்கியவர்களைப் பற்றி அச்சிட்டது. கவர்னர்கள், பிஷப்புகள், தளபதிகள்.

“ஏட்டி, இங்கன பாரு. இந்தப் பய ஆப்பிரிக்காவுல கவர்னராம்! பூட்ஸுக்குக் கயிறு கட்டத் தெரியாம எங்கிட்ட காலை நீட்டுவான்.”

“ஒங்க பேரு எங்கன?” என்றாள் மனைவி முத்துவடிவு.

“பந்து உதைச்சவன் பேரையெல்லாம் எவன் போடுதான்?”

காப்பி வருவதற்குள் நெஞ்சு நின்றுவிட்டது. புத்தகம் மடியில் விரிந்தபடி கிடந்தது.

அவருடைய தம்பி தாணு, வக்கீல், பள்ளிக்குத் தகவல் எழுதினார். நான்கு மாதம் கழித்து அனுதாபக் கடிதமும் ஒரு படிவமும் வந்தன. அன்னார் செய்த காரியங்களை மூன்று வரியில் எழுதினால் அடுத்த பதிப்பில் சேர்ப்பார்களாம். எப்படியாவது சேர்த்துவிட வேண்டும் என்று முத்துவடிவுக்கு ஒரே ஆசை.

“ஜமீன்தார்னு போடுவோம், மதினி.”

“எந்த ஜமீனு? வாய்க்காங்கரை வயலா?”

“அப்ப ராவ் பகதூர்?”

“செத்த பொறவு மனுசனைப் பொய்யனாக்கப் போறீரா?”

தாணுவிடம் கொடுத்தால் ஜமீன் வந்துவிடும் என்று அவளே எழுத உட்கார்ந்தாள். அவளுடைய இங்கிலீஷ் புருஷன் கற்றுத்தந்ததுதான். தென்காசியில் வெறுங்கால் காற்பந்து அணி ஒன்றைத் தொடங்கினார். திருவிதாங்கூர் ராஜாவின் ஊரான செங்கோட்டையை மூன்று முறை தோற்கடித்தார். தோற்றவர்களுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். இந்த மூன்று வரியை எழுத இரண்டு நாள் ஆயிற்று.

பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் புருஷன் பேரை அவள் சொன்னதுமில்லை, எழுதினதுமில்லை. அர்ச்சனைக்குக்கூட நட்சத்திரத்தைச் சொல்வாள். பேரைக் குருக்களே சேர்த்துக்கொள்வார். கடைசியில், “தாங்கள் அறிந்தவரே” என்று எழுதி, அடியில் தன் கையெழுத்தைப் போட்டுத் தபால்கார பரீதிடம் கொடுத்தனுப்பினாள்.

1937இல் புதுப் புத்தகம் வந்தது. தாணு புரட்டிக்கொண்டே போனவர் திடுக்கிட்டார்.

“மதினி! அண்ணாச்சி பேரைக் காணோம். ஒங்க பேருல்லா கெடக்கு!”

இரண்டு தளபதிகளுக்கு நடுவே அச்சாகியிருந்தது: ‘முத்துவடிவு, தென்காசி. காற்பந்தில் திருவிதாங்கூரை மும்முறை தோற்கடித்தவர். தோற்றவர்களுக்கு விருந்தளித்தவர்.’

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கையாலேயே அவர் பேரை விட்டுவிட்டோமே! மறுபடி படித்தாள். சேலையை வரிந்துகட்டிக்கொண்டு செங்கோட்டைக்காரர்களுக்கு நடுவே தான் பந்தைத் துரத்துவது போல ஒரு தோற்றம். அவர் மட்டும் இதைப் பார்த்திருந்தால்! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

“சிரிக்கீகளே! அது ஆம்பளைப் பள்ளிக்கூடம், மதினி. திருத்தச் சொல்லி இப்பவே எழுதுதேன்.”

“எழுதாதீரும். அவுக இருந்தா பஜார் பூரா கொண்டுபோய்க் காட்டியிருப்பாக.”

அவளுக்குத் தெரியாமல் தாணு எழுதத்தான் செய்தார். ஆனால் திருத்தி அச்சிடுவதற்குள் யுத்தம் வந்துவிட்டது. அடுத்த பதிப்பு 1947இல் வந்தது. ஆப்பிரிக்கக் கவர்னர் சர் பட்டம் வாங்கியிருந்தார், தளபதிகள் அதிகமாகியிருந்தார்கள். தென்காசிக்கு நேரே முத்துவடிவுதான் இருந்தாள்.