பேருந்துக்குள் வந்த முந்திரி வாசனை

1
இந்தக் கதை பசியில் பிறந்தது. பங்குனி மதியம், பண்ருட்டிப் பேருந்துக்குள் சுட்ட முந்திரி வாசனை. என் வாயில் நீர் ஊறியது. வளைவு திரும்பியதும்தான் தெரிந்தது, எரிவது தோப்பு. புகைக்கு முன்னால் ஒரு பெண். அவளை நோக்கி ஓர் ஆடு. நான் பார்த்தது அவ்வளவே. மற்றதெல்லாம் புளுகு.

2
'காடு பொன்னாய் ஒளிர்ந்த...'

(வேண்டாம். தீக்குப் பக்கத்தில் நின்றவன் இப்படி எழுத மாட்டான்.)

இளவரசி சருகைக் கூட்டிக் கொளுத்தினாள்.

இந்த வரி நிற்கும். இளவரசி, அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர். மரத்தடி சுத்தமாக இருந்தால்தான் விழுந்த கொட்டை கண்ணில் படும். எல்லோரும் விடியலில், பனி ஈரத்தில் கொளுத்துவார்கள். மறுநாள் தோப்பைப் பார்க்க வியாபாரி வருவதாகச் சொன்னதால் அவள் மதியத்தில் கொளுத்தினாள். காற்று திரும்பியது.

சத்தமில்லாமல் நடந்தது தீ. செம்மண் கரியானது. முயல்கள் வெளியே வந்து மனிதர்களின் காலடியில் உட்கார்ந்தன. பக்கத்தில் நின்ற கீரி அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மயில் ஒன்று புகைமேல் நீந்துவதுபோல் போனது.

3
"உள்ள ஆட்டக் கட்டியிருக்கேன்டி!" கணவன் கதிர்வேல் துண்டை நனைத்துத் தலையில் போட்டான்.

"ஆடு போனா போவுது. நீ போவாத மாமா!"

"செனை ஆடுடி. வந்துடறேன்."

கதிர்வேல் புகைக்குள் நுழைந்தபோது அவன் மனதில்...

(தெரியாது. விட்டுவிடுகிறேன்.)

பக்கத்துத் தோப்பு லூர்துசாமி பச்சைக் கிளையால் நெருப்பை அடித்துக்கொண்டே கத்தினார். "உச்சி வெயில்ல எவளாச்சும் கொளுத்துவாளா?"

"நாளைக்கு யாவாரி வராருண்ணே..."

"வரட்டும். வறுத்தே குடுத்துடலாம். ஏம்மா, கதிரு எங்க?"

அவள் புகையை நோக்கிக் கையை நீட்டினாள். அவர் கிளையைக் கீழே போட்டுவிட்டார்.

4
முடிவு ஒன்று: ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதிர்வேல் வருகிறான். எழுதிப் பார்த்தேன். நானே நம்பவில்லை.

முடிவு இரண்டு: வரவில்லை. இதை நம்ப முடிந்தது. அதனாலேயே கிழித்தேன்.

மிச்சம் இருப்பது ஆடு. அது தனியாக வந்து அவள் புடவையில் முகத்தைத் தேய்க்கிறது. கழுத்தில் கயிறு இல்லை. இளவரசி தடவிப் பார்க்கிறாள். ஒரு மயிர்கூடக் கருகவில்லை. கயிறு எரிந்து அறவில்லை. முடிச்சை யாரோ அவிழ்த்திருக்கிறார்கள்.

அவள் புகையைப் பார்த்து நிற்கிறாள்.

என் பேருந்து போய்விட்டது. அடுத்த பேருந்து உங்களுடையது. இறங்கி, அவள் பக்கத்தில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள். பெயர் தெரியுமல்லவா, கதிர்வேல்.